பிணையே விதி, யாருக்கு?

விளக்கமறியலில் இருப்பவர் குற்றவாளி இல்லை. அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இதை ஏற்றுக்கொண்டுதான் எழுதப்பட்டது. பிணை கொடுப்பது விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது அதன் 2ஆம் பிரிவு. தீர்ப்பில்லாமல் ஒருவரை 12 மாதத்துக்கு மேல் மறித்து வைக்கக்கூடாது. சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் நீடித்தாலும் மொத்தம் 24 மாதம்தான்.

நல்ல சட்டம்தானே? ஆனால் 3ஆம் பிரிவைப் பாருங்கள்: பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்கு இது பொருந்தாது.

அந்தச் சட்டம் 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமானது. முதலில் அமைச்சரின் கட்டளையில் 18 மாதம் வரை தடுப்புக்காவல். பிறகு வழக்கு முடியும்வரை விளக்கமறியல். சட்டமா அதிபர் சம்மதிக்காமல் நீதவான் விடமுடியாது. பொலிஸ் உதவி அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகும். வழக்கு இழுபட இழுபட, செய்யாததையும் ஒப்புக்கொண்டு சின்னத் தண்டனையோடு வெளியே வருவது லாபமாகத் தெரியும். காத்திருப்பே தண்டனையாகிவிடுகிறது.

2022 திருத்தம் 18 மாதத்தை 12 ஆக்கியது. பிணைக்கும் ஒரு சின்ன வழி திறந்தது. விதிவிலக்கு மட்டும் அப்படியே நின்றது.

'அரசியல் கைதிகளை விடுதலை செய்' என்று நாங்கள் பதாகை பிடிக்கிறோம். அந்தக் 'கைதி' என்ற சொல்லுக்குள், தீர்ப்பே கேட்காமல் வருடக்கணக்காக இருந்தவர்களும் அடக்கம். அவர்களுக்காக நாங்கள் கேட்பது சலுகை இல்லை. 2ஆம் பிரிவு மற்றவர்களுக்குக் கொடுத்ததைத்தான்.