பதினேழு கேள்விகள்

போன வாரம் கோவளம் கோட்டையைப் புகைக்குள் விட்டுவிட்டு வந்தோம். கிளைவ் அதைப் பிடித்தார், வெடிவைத்துத் தகர்த்தார். சண்டையின் முதல் சத்தத்திலேயே ஓடிப்போய்க் கிணற்றுக்குள் பதுங்கிய அவருடைய வெள்ளைக்காரச் சிப்பாயை நினைத்து நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

சிரித்தது போதும். இந்த வாரம் பீரங்கி கிடையாது. ஒரு மேசை, ஒரு கட்டுக் காகிதம், சில பழைய கிரய சாசனங்கள். அவ்வளவுதான் ஆயுதங்கள்.

கோட்டை விழுந்தது சரி. கோட்டைக்கு வெளியே கிடந்த மண் யாருடையது?

ஆற்காடு நவாப் இந்தச் செங்கல்பட்டுச் சீமை முழுவதையும் கும்பினிக்கு ஜாகிராகக் கொடுத்தார். கோவளம், திருப்போரூர், பூந்தமல்லி, காஞ்சிபுரம், மதுராந்தகம் எல்லாம் அதற்குள் அடங்கும். கொடுத்தது மண்ணையா, மண்ணிலிருந்து வரும் வரியையா? கொடுத்தவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அப்போது வரவில்லை. ஹைதர் அலியின் குதிரைகள் வந்து ஊர்களைப் பாழாக்கிவிட்டுப் போன பிறகுதான், எஞ்சியிருந்த வருமானத்தை எண்ணிப் பார்த்த கும்பினிக்கு அந்தக் கேள்வி உறைத்தது.

ஊருக்குள் போய்க் கேட்டால் பதில் தயாராக இருந்தது. காணியாட்சி, அதாவது மிராசு, எங்களுடையது என்றார்கள் ஊர்ப் பங்குகளை வைத்திருந்த மிராசுதார்கள். ஊர் மொத்தமும் இத்தனை பங்கு என்று பிரிந்திருக்கும். பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைக்கு விடலாம். சில ஊர்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை கரையீடு போட்டு, யாருக்கு எந்த வயல் என்று மாற்றிக்கொள்வார்கள். அது பசுங்கரை. ஒரேயடியாகப் பிரித்து முடித்துவிட்டால் அறுதிக்கரை. வெளியூரிலிருந்து வந்து உழுபவர் பரகுடி. ஊரிலேயே தங்கிவிட்டவர் உள்குடி. இரு வகைப் பாயக்காரிகளுமே விளைச்சலில் ஒரு பங்கை மிராசுதாருக்கு அளக்க வேண்டும். சர்க்காருக்கு மேல்வாரம் என்ற வரிப் பங்கு, எங்களுக்குக் காணி. இதில் சந்தேகத்துக்கு எங்கே இடம்?

சந்தேகப்பட ஒருவர் வந்தார். கலெக்டர் லயனல் பிளேஸ்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் மழை இரவில் வில்லும் அம்புமாக ராம லட்சுமணரைப் பார்த்தார் என்று இன்றும் கோயிலில் சொல்கிறார்களே, அதே பிளேஸ்தான். அந்தக் கதையில் அவர் பக்தர். பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்களிடம் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். அவர் கேட்ட வரிக்கு அவர்கள் ஒப்பவில்லை. ஒப்பாதவர்களின் மிராசைப் பறித்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தார். வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்தும் தரகு பார்த்தும் வந்த சென்னைப் பட்டணத்துத் துபாஷிகள் திரைமறைவில் பங்குகளை வாங்கிக் குவித்துக்கொண்டு ஊராரைத் தூண்டிவிடுகிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. துபாஷிகள் சும்மா இருந்தவர்கள் அல்லர்.

வேடிக்கை என்ன தெரியுமா? வேலையை விட்டுப் போன பிறகு, 1799-இல், இந்தச் சீமையைப் பற்றி நீண்ட அறிக்கை எழுதினார் அதே பிளேஸ். மிராசு என்பது பரம்பரையாக வருவது, விற்கக்கூடியது என்று அதில் பக்கம் பக்கமாக விவரித்தார். கையால் பறித்ததைப் பேனாவால் ஒப்புக்கொண்டார்.

அறிக்கை வந்தது. குழப்பம் தீரவில்லை. சென்னைக் கோட்டையில் கவர்னர்கள் மாறினார்கள். வரி முறை மாறியது. கேள்வி மட்டும் அங்கேயே நின்றது. கடைசியில் சர்க்கார் அதைப் பதினேழாகப் பிரித்து, பதில் சொல்லத் தகுந்த ஒரே ஆளிடம் அனுப்பியது.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ்.

நமக்கு அவர் எல்லீசன். குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சென்னையின் கலெக்டர். அவருக்குப் பக்கபலமாகக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த சங்கரய்யா இருந்தார். ஆங்கிலமும் சாஸ்திரமும் ஊர்க் கணக்கும் அறிந்தவர்.

வருடம் 1816. அந்த மேசைக்கு அருகில் வாருங்கள். இந்த வாரக் கதையே இங்கேதான் இருக்கிறது.

பதினேழு கேள்விகளையும் பிழிந்தால் சொட்டுவது ஒன்றுதான்: மிராசு என்பது சொத்தா, சர்க்கார் கொடுத்த சலுகையா? சலுகை என்றால் நாளைக்கே பிடுங்கலாம். சொத்து என்றால் கும்பினியே ஆனாலும் கைவைக்க முடியாது. எல்லிஸ் எழுதப்போகும் வரிகளில் ஆயிரக்கணக்கான ஊர்களின் தலையெழுத்து இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

தேசத்தின் மண்ணெல்லாம் அரசனுக்கே சொந்தம், கீழை நாடுகளில் தனிச்சொத்தே கிடையாது என்று பல ஐரோப்பியர்கள் அப்போது நம்பினார்கள். நம்புவது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது. அரசனின் இடத்துக்குக் கும்பினி வந்துவிட்டதல்லவா? எல்லிஸ் அதை ஏற்கவில்லை. தமிழர் தங்களுக்கென்று சட்டமும் சொத்தும் வைத்திருந்தவர்கள் என்று காட்டத் துடித்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

சாசனங்களை எடுத்தார். நிலம் விற்றவர் என்ன எழுதிக் கொடுத்தார்? நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். எட்டுப் போகங்கள். புதைந்திருக்கும் பொருளும், ஓடும் நீரும், கிடக்கும் கல்லும், இன்று கிடைப்பதும் நாளை கிடைக்கப்போவதும் சேர்த்து விற்றாயிற்று. சலுகையை இப்படி விற்க முடியுமா? சொத்தைத்தான் விற்க முடியும். வாதம் அழகாக நின்றது.

அடுத்து, இந்த உரிமை எப்போது தொடங்கியது என்று காட்ட வேண்டும். தொண்டை மண்டலத்தின் பழங்கதை கைகொடுத்தது. இந்த நாடு முன்பு குறும்பர் நாடு. புழலில் அவர்கள் கோட்டை. ஆதொண்டச் சக்கரவர்த்தி படையெடுத்து வந்து குறும்பரை வென்று, வேளாளரைக் குடியேற்றிக் காணி கொடுத்தார். அங்கிருந்து மிராசு தொடங்குகிறது.

கொஞ்சம் நில்லுங்கள்.

உரிமையின் வேரைத் தேடிப் போனால், அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அவர்களை விரட்டியதிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. அவர்களிடம் சாசனம் கேட்பார் இல்லை.

இன்னொன்றும் அந்தக் காகிதத்தில் ஏறியது. வயலில் இறங்கி உழுதது யார்? நாற்று நட்டது யார்? எல்லிஸ் அதை மறைக்கவில்லை. வேளாளர் நிலங்களோடு பிணைக்கப்பட்ட பறையர் அடிமைகளைப் பற்றி எழுதினார். பிராமணர் நிலங்களில் வேலை செய்த பள்ளி சாதியாரைப் பற்றியும் எழுதினார். நிலம் கைமாறினால் ஆளும் கைமாறுவார். எட்டுப் போகங்களை அனுபவிப்பவர் ஒருவர். அந்தப் போகங்களை விளைவிப்பவரோ சொத்தின் ஒரு பகுதி.

ஒரே மேசை, ஒரே மாலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாராரின் சொத்துரிமைக்கு அரண் எழுந்தது. இன்னொரு சாரார் அந்த அரணுக்குள் உடைமையாக அடைபட்டார்கள். எல்லிஸிடம் கேட்கப்பட்ட கேள்வி சர்க்காரா, மிராசுதாரா என்பதுதான். மூன்றாமவரைப் பற்றி யாரும் உரிமைக் கேள்வி கேட்கவில்லை. கேட்காததற்கு அவர் பதில் எழுதவும் இல்லை.

பதில்கள் 1818-இல் அச்சேறின. மறுவருடம் ராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உள்ளே போய் எல்லிஸ் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் மதுரையில் ஒரு கலெக்டர் வீட்டில் கிடந்தன. சமையல்காரர் அடுப்பு மூட்டவும் கோழியின் பூமயிர் பொசுக்கவும் அவற்றைக் கிழித்துக்கொண்டார் என்கிறார்கள். எத்தனை தமிழ் ஆராய்ச்சி அந்தப் புகையில் போயிற்றோ! மிராசுப் பதில்கள் அதற்கு முன்பே அச்சானதால் தப்பின.

தப்பியவைக்கு அடுத்த எதிரி காத்திருந்தார். தாமஸ் மன்றோ. இப்போது அவர் கவர்னர்.

மன்றோ கெட்டவர் அல்லர். இன்றும் மவுண்ட் ரோட்டில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறார். ரயத்துவாரி அவருடைய கனவு. ஒவ்வொரு ரயத்தும், அதாவது ஒவ்வொரு குடியானவரும், நேரே சர்க்காரிடம் வரி கட்ட வேண்டும், நடுவில் ஆள் கூடாது. ஊரையே பங்குபோட்டு வைத்திருக்கும் மிராசு அந்தக் கனவின் குறுக்கே நின்றது. எல்லிஸ் சொல்லும் அளவுக்கு இந்த மிராசுக்கு மதிப்பே கிடையாது என்று 1824 டிசம்பர் கடைசி நாளில் ஒரு குறிப்பு எழுதினார். முக்கியமாகத் தரிசு நிலத்தில் மிராசுதாருக்கு உரிமை இல்லை என்றார்.

எதிர்வாதம் செய்ய எல்லிஸ் உயிரோடு இல்லை.

ஆனால் புத்தகம் இருந்தது. 1852-இல் சி.பி. பிரவுன் இருவர் எழுத்தையும் ஒரே நூலில் சேர்த்துப் பதிப்பித்தார். மிராசு வழக்கு என்றால் வக்கீல்கள் அதைப் புரட்டினார்கள். நீதிபதிகளும் புரட்டினார்கள். மிராசுதார் பக்கம் எல்லிஸைக் காட்டும், சர்க்கார் பக்கம் மன்றோவைக் காட்டும். செங்கல்பட்டு மண்ணைப் பற்றி நீதிமன்றத்தில் வாதாடியதில் பாதி, இறந்துபோன இரண்டு வெள்ளைக்காரர்களின் சண்டைதான்.

அந்தச் சண்டைக்கு நடுவில் தரிசு கேட்டு ஒருவர் தர்காஸ்து போடுகிறார் என்று வையுங்கள். சேரியிலிருந்து வந்தவர். ஒரு காணி கிடைத்தால் படியாள் வேலையை விட்டுவிடலாம் என்ற ஆசை. உடனே மிராசுதார் எழுந்து வருவார். எங்கள் ஊர்த் தரிசு, எங்களுக்கே முன்னுரிமை என்பார். விதியும் அவர் பக்கம் இருந்தது. அவருக்கு நிலம் வேண்டியதில்லை, தன் வயலுக்கு ஆள் வேண்டும். சொந்த நிலம் கிடைத்தவர் நாளைக் காலை இவர் வயலுக்கு வருவாரா?

1891-இல் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இதை எழுத்தில் போட்டு உடைத்தார். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றிய அவருடைய அறிக்கை கோட்டையில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுவருடமே சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதற்குப் பிள்ளையார்சுழி அது.

வயல் ஒரு பக்கம் இருக்கட்டும். குடிசை?

சேரி நத்தத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள். அடுப்பும் அங்கே, இடுகாட்டுப் பாதையும் அங்கே. ஊரே எங்கள் மிராசு என்றால், சேரி நிற்கும் மண்ணும் எங்களுடையதுதானே என்றார்கள் செங்கல்பட்டு மிராசுதார்கள். எதிர்த்துப் பேசினால், கூலி கூட்டிக் கேட்டால், இடத்தைக் காலி செய் என்று சொல்ல அந்த ஒரு வாதம் போதும்.

அப்படி ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்கே போய்விட்டது. எல்லிஸ் எழுதி நூறு வருடம் ஆகியிருந்தது.

இன்று ஓ.எம்.ஆரில் மனை வாங்கப் போனால், மூலப்பத்திரம் எங்கே என்பார் வக்கீல். அன்றைக்கும் வழக்கின் கழுத்து அதில்தான் மாட்டியிருந்தது. மிராசுதாரிடம் சேரி மண்ணுக்கென்று தனிச் சாசனம் இல்லை, ஊர் மிராசுதான் இருந்தது. குடிசையில் இருப்பவரிடம் காகிதமே இல்லை, குடிசைதான் இருந்தது. இரண்டு பேரிடமும் பத்திரம் இல்லாதபோது, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? குடியிருப்பவர்தான் காட்ட வேண்டும் என்று அமர்வு சொல்லிவிட்டால், செங்கல்பட்டுச் சீமையில் ஒரு சேரியும் பத்திரமாக நிற்காது.

மேசையில் எல்லிஸ். எதிரே மன்றோ. எல்லிஸிடம் யாரும் கேட்காத அந்த மூன்றாமவர் இப்போது பிரதிவாதியின் இடத்தில்.

நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்பது அடுத்த வாரம். அதற்குள் உங்கள் வீட்டுப் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து, ‘நிதி நிட்சேபம்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த ஊர், எந்த வருடம் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.