65 பவுண்டும் 250 பவுண்டும்

குறும்படத்துக்கு நிதியுதவி தேடுபவர்கள் முதலில் விண்ணப்பம் எழுதுவார்கள். 'ஏலியன்' (1979) எடுத்த ரிட்லி ஸ்காட் முதலில் படத்தையே எடுத்துவிட்டார்!

1962-ல் அவர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர். கல்லூரியின் போலெக்ஸ் கேமராவை வாங்கிக்கொண்டு ஹார்ட்டில்பூல் போனார். கதை சின்னதுதான். பள்ளிக்கு மட்டம் போட்ட பையன் சைக்கிளில் ஊர் சுற்றுகிறான். நடித்தது தம்பி டோனி. செலவு 65 பவுண்டு.

ஆனால் எடிட்டிங், ஒலி எல்லாம் பாக்கி. கையில் காசில்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 1952-ல் தொடங்கிய பரிசோதனைத் திரைப்பட நிதியிலிருந்து 250 பவுண்டு கிடைத்தது. 1965-ல்தான் 'பாய் அண்ட் பைசைக்கிள்' முடிந்தது.

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. படம்பிடித்த செலவைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு, முடிப்பதற்கு! நாமோ பட்ஜெட்டில் கேமரா வாடகையை மறக்காமல் எழுதுகிறோம், மிக்சிங்கை விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. நிதி கேட்கப் போகும்போது அவரிடம் வெறும் கனவு மட்டும் இல்லை, எடுத்த படமும் இருந்தது. நிதி வரட்டும் என்று கதையைப் பூட்டி வைத்திருக்கும் நண்பர்களே, ஒரு காட்சியையாவது எடுத்துவிட்டு விண்ணப்பம் போடுங்களேன்!