இருபது டாலருக்கு என்ன கிடைத்தது? டெதரிங் கட்டணத்தின் முன்கதை

2010 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் மொபைல் டேட்டா விலைப்பட்டியலை மாற்றியது. அதுவரை ஸ்மார்ட்போனுக்கு மாதம் 30 டாலர், டேட்டாவுக்கு அளவு கிடையாது. புதுப் பட்டியலில் 200 எம்பி 15 டாலர், 2 ஜிபி 25 டாலர். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. போனில் வரும் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிர வேண்டுமா? 2 ஜிபி திட்டத்துக்கு மேல் இன்னும் 20 டாலர் கட்டு. சரி, அந்த 20 டாலருக்குக் கூடுதல் டேட்டா எவ்வளவு? பூஜ்யம். அதே 2 ஜிபிதான்.

நம்ம ஊரில் "ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணேன்" என்று பக்கத்து சீட்காரரிடம் சாதாரணமாகக் கேட்கிற விஷயத்துக்குத்தான் அங்கே டெதரிங் என்று பெயர், அதற்குத்தான் அந்த விலை. காசு கொடுத்து வாங்கிய 2 ஜிபியை மூன்றரை அங்குலத் திரையில் பார்த்தால் ஒரு ரேட், பதினாலு அங்குலத் திரையில் பார்த்தால் வேறு ரேட். அடுத்த வருடம், 2011 பிப்ரவரியில், இதைக் கொஞ்சம் திருத்தி 45 டாலருக்கு 4 ஜிபி என்று ஆக்கினார்கள். ஆனால் முதலில் வந்த அந்தப் பட்டியல்தான் என்னை இந்தத் தேடலில் இறக்கிவிட்டது. அதில் ஒளிவு மறைவே இல்லை. எதற்குக் காசு வாங்குகிறோம் என்பதை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அலைவரிசைக்கு இல்லை, டேட்டாவுக்கு இல்லை, உன் பக்கத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதற்கு.

பழைய ஆவணங்களைப் புரட்டினால் இந்தக் கட்டணத்துக்கு ஒரு பரம்பரையே இருப்பது தெரிகிறது, அதுவும் அதே பெயரில். (இன்றைய ஏடி அண்ட் டி உண்மையில் எஸ்பிசி என்ற நிறுவனம். 2005-ல் பழைய ஏடி அண்ட் டியை வாங்கி அதன் பெயரைத் தானே சூட்டிக்கொண்டது. பெயரோடு குணமும் வந்துவிட்டதோ என்னவோ!)

பழைய பெல் காலத்தில் வீட்டில் இருக்கும் டெலிபோன் உங்களுடையது இல்லை, கம்பெனியுடையது. மாத வாடகை. படுக்கையறையில் இன்னொரு போன் வேண்டும் என்றால் அதற்கும் தனியாக மாதக் கட்டணம். லைன் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு கால்தான் பேச முடியும், இருந்தாலும் கருவி இரண்டு என்றால் காசும் இரண்டு. கடையில் பழைய போன் ஒன்றை வாங்கித் தாங்களே ஒயர் இழுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். கம்பெனி அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு போனுக்குள்ளும் இருக்கும் மணி, லைனில் கொஞ்சம் மின்சுமையைச் சேர்க்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்தபடியே அதை அளந்தால் வீட்டுக்குள் எத்தனை மணி இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? இரண்டாவது போனில் மணிக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டார்கள். போன் அடிக்காது, ஆனால் எடுத்தால் பேசலாம். இந்த மணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஹஷ்-எ-ஃபோன் வழக்கு இன்னும் வேடிக்கை. அது போனின் வாய்ப்பகுதியில் மாட்டும் ஒரு கிண்ணம், அவ்வளவே. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமல் தடுக்கும். அதில் ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை. "வெளியார் இணைப்பு" என்று சொல்லி ஏடி அண்ட் டி அதைத் தடுத்தது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியும் 1955-ல் கம்பெனி பக்கமே நின்றது. ஒலியியலில் பெரிய பெயரான லியோ பெரானெக் அந்தக் கிண்ணத்துக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1956-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்சிசியின் முடிவைத் தள்ளிவிட்டது. பொதுவுக்குக் கெடுதல் இல்லாதவரை, தனக்குப் பயன்படும் விதத்தில் தன் டெலிபோனைப் பயன்படுத்திக்கொள்ளச் சந்தாதாரருக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

என்னைக் கேட்டால் டெதரிங் விவகாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பொதுவுக்குக் கெடுதல் உண்டா, இல்லையா?

அடுத்து கார்ட்டர்ஃபோன். டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர், எண்ணெய் வயல்களில் இருப்பவர்களின் இருவழி ரேடியோவை டெலிபோனோடு சேர்க்க ஒரு பெட்டி செய்தார். ரிசீவரை அதன்மேல் வைத்தால் ரேடியோவில் இருப்பவர் டெலிபோனில் பேசலாம். கொஞ்சம் யோசித்தால் இதுவே ஒரு டெதரிங்தான், ஒரு நெட்வொர்க்கை இன்னொரு கருவிக்குப் பகிர்வது. 1959 முதல் 1966 வரை சுமார் 3,500 பெட்டிகள் விற்றிருந்தன. 1968-ல் எஃப்சிசி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, வெளியார் கருவிகளைத் தடுக்கும் விதியையே செல்லாது என்றது. பின்னாளில் ஃபேக்ஸ், மோடம், ஆன்சரிங் மெஷின் எல்லாம் வீட்டுக்குள் நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

கேபிள் இணையக் காலத்தில் இதே சண்டை ஒருமுறை திரும்ப வந்தது. கனெக்‌ஷன் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும், இரண்டாவதுக்குத் தனிக்காசு என்று பல நிறுவனங்கள் விதி வைத்தன. வீட்டு ரவுட்டர் வந்து அதை உடைத்தது. உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியே ஒரே முகவரிதான் தெரியும். ரவுட்டர்களில் "மேக் குளோன்" என்று ஒரு வசதி இருக்குமே, பதிவு செய்த ஒரே கம்ப்யூட்டராக ரவுட்டர் தன்னைக் காட்டிக்கொள்ள வந்தது அது. 2002-ல் ஸ்டீவ் பெல்லோவின், அப்போது ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்தவர், ஒரு கட்டுரை வெளியிட்டார். பாக்கெட்டுகளில் இருக்கும் அடையாள எண் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக ஏறிக்கொண்டே போகும், அந்த வரிசைகளைப் பிரித்துப் பார்த்தால் ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணிவிடலாம். படித்தபோது எனக்கு டெலிபோன் மணிதான் ஞாபகம் வந்தது.

மொபைலில் அந்த மணிக்கு டிடிஎல் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு எண்ணோடு கிளம்பும், வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும். ஆண்ட்ராய்டில் இருந்து கிளம்பினால் 64, விண்டோஸில் இருந்து 128. போன் வழியாகப் பகிர்ந்தால் போனே ஒரு ரவுட்டர் ஆகிவிடும், அதனால் டவருக்கு 63 அல்லது 127 என்று வந்து சேரும். கம்பெனிக்கு அது போதும். ஜனங்களும் சும்மா இல்லை, லேப்டாப்பில் டிடிஎல்-ஐ 65 என்று மாற்றி வைத்தார்கள். போனைத் தாண்டும்போது 64 ஆகிவிடும், மணி அடிக்காது.

இதுவரை பழைய கதையேதான். ஆனால் ஸ்மார்ட்போனில் ஒரு விஷயம் புதுசு, எனக்கு உறுத்துவதும் அதுதான். பெல் காலத்தில் கம்பெனி தன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அளந்தது, உங்கள் போன் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலைப் பாருங்கள், ஹாட்ஸ்பாட் ஆன் செய்வதற்கு முன் நிறுவனத்திடம் அனுமதி கேட்பதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. இயல்பாக அது காலி. மொபைல் நிறுவனம் விரும்பினால் அதில் தன் செயலியின் பெயரை நிரப்பலாம். அதன்பிறகு நீங்கள் பட்டனைத் தொட்டதும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய போன், "இவர் காசு கட்டியிருக்கிறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலை செய்யும். இது யாரோ ஒரு இன்ஜினியர் உட்கார்ந்து எழுதிய நிரல். தொழில்நுட்பமாகப் பார்த்தால் சுத்தமாகவே எழுதியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். நம்ம மின்வாரியம் வீட்டுக்கு ஒரு ரேட், கடைக்கு ஒரு ரேட் போடுகிறதே? யூனிட் ஒன்றுதானே? ஆமாம். பயன்பாட்டைப் பார்த்து விலை வைப்பது தன்னளவில் பாவம் இல்லை. இருப்பவரிடம் கூட வாங்கி இல்லாதவருக்குக் குறைத்துக் கொடுக்கலாம். பெல் கம்பெனியும் இதையேதான் சொன்னது, கூடுதல் வசதிகளுக்கு வாங்கும் காசுதான் சாதாரண வீட்டு லைனை மலிவாக வைக்கிறது என்று. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் மின்கட்டணம் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வந்து, கருத்துக் கேட்டு, ஆணையாக வெளியாகிறது. தவிர, வீட்டுக்குள் மிக்ஸிக்கு ஒரு ரேட், கிரைண்டருக்கு ஒரு ரேட் என்று யாரும் கேட்பதில்லை. சரி, லேப்டாப் வைத்திருப்பவர் வசதியானவர் என்ற கணக்காவது சரியா? பியூ ஆய்வு மையத்தின் 2021 கணக்கெடுப்பில், வீட்டில் பிராட்பேண்ட் இல்லாமல் ஸ்மார்ட்போனை மட்டும் நம்பியிருக்கும் அமெரிக்கர்கள் 15 சதவீதம். ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் கீழே உள்ளவர்களில் 27 சதவீதம். இவர்கள் வீட்டில் பிள்ளை ஹோம்வொர்க் செய்ய ஒரு கம்ப்யூட்டரை இணைக்க வேண்டும் என்றால் போனை விட்டால் வேறு வழி இல்லை. கூடுதல் காசு முதலில் விழுவது இவர்கள் தலையில்.

எஃப்சிசிக்கு இதில் ஒரு பிடி கிடைத்தது, அதுவும் ஏலம் வழியாக. 2007-ல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விற்க முடிவானபோது, "சி பிளாக்" எனும் பகுதியை வாங்குபவர் வாடிக்கையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். ஏலம் 4.6 பில்லியன் டாலரைத் தொட்டால்தான் நிபந்தனை செல்லும். கூகுள் அந்தத் தொகையைத் தாண்டும்வரை ஏலம் கேட்டது, பிறகு ஒதுங்கிக்கொண்டது. 2008-ல் வெரைசன் 4.74 பில்லியனுக்கு எடுத்தது, நிபந்தனையோடு சேர்த்து. மூன்று வருடம் கழித்து, டெதரிங் செயலிகளை வெரைசன் வாடிக்கையாளர்கள் கண்ணில் படாமல் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் இருந்து மறைக்கச் சொல்லி வெரைசன் கேட்டது, மார்க்கெட்டை நடத்திய கூகுள் மறைத்தது. அதே கூகுள்! ஃப்ரீ பிரஸ் அமைப்பு 2011-ல் புகார் கொடுத்தது. 2012 ஜூலை 31 அன்று வெரைசன் 12.5 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. அளந்து டேட்டா வாங்குபவர்கள் தனிக்கட்டணம் இல்லாமல் டெதரிங் செயலிகளைப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. ஏடி அண்ட் டியிடம் சி பிளாக் இல்லை, அதனால் அதற்கு இந்த விதியும் இல்லை. ஒரே நாடு, ஒரே செயல், எந்த அலைவரிசை என்பதைப் பொறுத்து உரிமை!

சமரசத்தில் "அளந்து வாங்குபவர்கள்" என்று மட்டும் இருந்ததைக் கவனியுங்கள். அளவில்லாத் திட்டத்தில் இருப்பவர்களிடம் தனியாக வசூலிக்கலாம். இங்கே கம்பெனி பக்கம் பாதி நியாயம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2015 ஆகஸ்டில் டி-மொபைல் தலைவர் ஜான் லெஜெர், டெதரிங் வரம்பை ஏமாற்றித் தாண்டுபவர்களைத் திருடர்கள் என்றே எழுதினார். சிலர் மாதம் 2 டெராபைட் வரை இழுக்கிறார்களாம். ஒரு டவரின் கொள்ளளவு எல்லோருக்கும் பொது, 2 டெராபைட் இழுப்பவர் பக்கத்துத் தெருக்காரரின் வேகத்தைத் தின்கிறார். பொதுவுக்குக் கெடுதல் இருக்கிறது, 1956 அளவுகோல்படி பார்த்தாலும் கம்பெனி தடுக்கலாம். ஆனால் அவரே சொன்ன கணக்குப்படி இப்படிச் செய்தவர்கள் வாடிக்கையாளர்களில் 0.01 சதவீதம். அவர்களைப் பிடிக்க மீதி அத்தனை பேர் போனிலும் ஒரு காவல்காரனை உட்கார வைக்க வேண்டுமா? கெடுதல் செய்வது டேட்டாவின் அளவு, திரையின் அளவு இல்லை. அளவுக்கு வரம்பு போட்டால் போதும், ஆனால் அப்படிப் போட்டால் விளம்பரத்தில் "அன்லிமிடெட்" என்று எழுத முடியாது. சிக்கலின் வேர் அங்கேதான்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. கருவியைத் தேர்வு செய்யும் உரிமை 2015 விதிமுறையிலேயே வந்துவிட்டது. ஜெர்மனியில் வோடஃபோன், குறிப்பிட்ட செயலிகளுக்கு டேட்டா கழிக்காத ஒரு திட்டத்தை விற்றது, ஆனால் ஹாட்ஸ்பாட்டில் பயன்படுத்தினால் கழியும். 2021 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் டெதரிங் விதிவிலக்கோடு நிற்காமல் அப்படிப்பட்ட திட்டமே செல்லாது என்றது.

அமெரிக்காவில் இன்றைக்கு 20 டாலர் வரி பட்டியலில் தனியாக இல்லை, திட்டத்துக்குள் கரைந்துவிட்டது. எல்லாமே "அன்லிமிடெட்", ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் இத்தனை ஜிபி, அதற்குமேல் வேகம் ஆமைதான். விலை கூடக் கூட அந்த ஜிபியும் கூடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பெரிய நிறுவனங்கள் கூடுதல் ஹாட்ஸ்பாட் டேட்டாவைத் தற்காலிகமாக இலவசமாகக் கொடுத்தன. எஃப்சிசி அந்த நாட்களில் நிறுவனங்களிடம் வாங்கியிருந்த உறுதிமொழியின் காலம் ஜூன் 30-ஓடு முடிந்தது. ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சாலினாஸில் இருந்து ஒரு புகைப்படம் பரவியது. இரண்டு சிறுமிகள் டாகோ பெல் உணவகத்துக்கு வெளியே தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார்கள், வகுப்புக்கு அந்தக் கடையின் வைஃபை. படம் பரவிய பிறகு பள்ளி நிர்வாகம் அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஹாட்ஸ்பாட் கருவி கொடுத்தது.