கருவிகள் குடியிருந்த பெட்டிகள்

தேசூருக்கு அருகேயுள்ள சீயமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் குகைக்கோயிலைத் தரிசிக்க வருகிறவர்கள், அதன் தூண்களையும் வாயிற்காவலர்களையும், கல்லில் வடித்த ஆடவல்லான் வடிவங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றெனக் கருதப்படும் அந்தச் சிறு சிற்பத்தையும் வியந்து நோக்குகிறார்களேயன்றி, அந்தப் பாறையைக் குடைந்த கல்தச்சர்கள் தங்கள் உளிகளை எதில் வைத்துச் சுமந்து வந்தார்கள் என்று கேட்பதில்லை. கருங்கல்லில் பாயும் உளியின் முனை விரைவில் மழுங்கிவிடும். அதை மறுபடி உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்து எடுத்தால்தான் அடுத்த வெட்டுக்கு உதவும். ஆகவே ஒரு தச்சனுக்கு ஓர் உளி போதாது. ஒரு கட்டு உளி வேண்டும். மழுங்கியவை உலைக்களத்துக்கும் கூரானவை பாறைக்குமாக நாள்தோறும் ஓயாமல் பிரயாணம் செய்திருக்க வேண்டும். பாறை நிற்கிறது, பாறையில் உளி பதித்த தடமும் நிற்கிறது. உளியைச் சுமந்த தோற்பையோ, நார்க்கூடையோ, துணிச்சுருளோ, அது மட்டும் மண்ணோடு மண்ணாயிற்று.

கைத்தொழில்களின் சரித்திரம் முழுவதுமே இவ்வாறு பாதி அழிந்த சரித்திரம் என்பது என் அபிப்பிராயம். இரும்பும் கல்லும் காலத்தை வெல்லுகின்றன. அவற்றைப் பொதிந்து வைத்த மரமும் தோலும் நாரும் வெல்லுவதில்லை. 1876-ஆம் ஆண்டில் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் தொடங்கி, பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்த ஆதிச்சநல்லூர் ஈமத்தாழிகளோடு இரும்பாலான ஆயுதங்களும் கருவிகளும் வெளிப்பட்டன. இறந்தவனுக்கு மறுமையிலும் அவை வேண்டுமென்று நம்பியே உறவினர் அவற்றை அங்கே வைத்தனர் போலும். ஆனால் உயிரோடிருந்த நாளில் அவன் அவற்றை வீட்டின் எந்த மூலையில், எதில் பத்திரப்படுத்தினான் என்பதைத் தாழி சொல்லாது. கருவி என்ன செய்தது என்பதைக் கருவியே சொல்லிவிடும். அதற்கு உரியவன் எத்தனை தூரம் நடந்தான், எத்தனை கருவிகளை உடையவனாயிருந்தான், எதைப் பொன்போல் பேணினான் என்பவற்றையெல்லாம் சொல்ல வல்லது அதை வைத்திருந்த பெட்டிதான்.

தேசூர், ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளரின் நிலை சற்று வேறானது. தச்சன் கருவியைச் சுமந்துகொண்டு வேலையைத் தேடிப் போகிறான்; நெசவாளனிடமோ வேலையே வீடு தேடி வருகிறது. குழித்தறி இடம் பெயராதது. முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ பாவும் ஊடைப்பட்டும் ஜரிகையும் எடைபோட்டு வாங்கிவரப்படும். சேலையாகித் திரும்பும்போது மறுபடியும் எடை பார்க்கப்படும். எனவே அவன் சுமந்து திரிவது கருவியையன்று, பொருளை; அந்தப் பொருளும் பெரும்பாலும் தூய வேட்டித்துணியில் கட்டிய மூட்டையாகவே பிரயாணம் செய்தது. வீட்டுக்குள்ளே பேண வேண்டியவை பல: ஊடையை ஓட்டும் நாடா, ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சி, பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சு, அவற்றை ஏற்றி இறக்கும் விழுது. ஒரு பாவு முடிந்து வேறு மாதிரிச் சேலைக்கு மாறும்போது, அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் பழைய இழைகளை உருவி எறிந்துவிடாமல், சிறிது நீளம் விட்டு அறுத்து, அப்படியே சேர்த்துச் சுருட்டித் துணியில் பொதிந்து, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுவார்கள். பின்னொரு நாள் அதே மாதிரி திரும்பி வரும்போது, புதுப் பாவின் இழைகளை அந்தப் பழைய இழைநுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்துவிட்டால், ஆயிரக்கணக்கான இழைகளையும் முதலிலிருந்து கோக்கும் சிரமம் மிச்சமாகும். பாதுகாப்பாக எடுத்துவைப்பதே அடுத்த வேலையின் முதற்படியாக அமைந்த முறை இது. இதைவிடச் சிறந்த ‘கருவிப்பெட்டி’ ஒன்றை நான் எந்தத் தொழிலிலும் கண்டதில்லை; இத்தனைக்கும் இதில் பெட்டியே கிடையாது.

தறிக்குள்ளே பெட்டி புகுந்தது பிற்காலத்தில். 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்த விசைநாடாவில், கயிற்றை இழுத்ததும் ஓடும் நாடா வந்து தங்குவதற்குப் பலகையின் இரு முனையிலும் ஒரு பெட்டி உண்டு. சென்னை மாகாணத்தில் அந்த முறையைப் பரப்புவதற்காக ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை நடத்தியது இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில். பிரான்சில் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி அமைத்த பூவேலைப் பொறி பின்னர் இங்கும் தறியின் தலைமேல் ஏறிற்று. நெசவாளர் அதை ‘ஜக்கார்டு பெட்டி’ என்றே வழங்குகிறார்கள். அதன் துளையிட்ட அட்டைகளை நூலால் கோத்த கட்டு, ஒரு சேலையின் கரையையும் முந்தியையும் தன்னுள் அடக்கிய நினைவுப் பேழை. ஓர் அட்டையில் ஈரம் பாய்ந்து வளைந்தாலும் பூ சிதையும். ஆகையால் அட்டைக் கட்டும் அச்சைப்போலவே உயரத்தில் தொங்குகிறது.

ஜரிகையின் விஷயம் வேறு. அது ‘மார்க்’ என்னும் கணக்கில் விற்பனையாவது. ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம். சூரத்திலிருந்து வரும் ஜரிகையும், 1971-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஜரிகை ஆலை காஞ்சிபுரத்தில் உற்பத்தி செய்யும் ஜரிகையும், காற்றிலுள்ள ஈரமும் கையின் வியர்வையும் பட்டால் கறுத்துவிடும் இயல்புடையவையாதலால், காகிதம் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்கப்படுகின்றன. ஜரிகை தீர்ந்த பின் அந்தப் பெட்டி தீர்ந்துவிடுவதில்லை. ஊசி, கத்தரிக்கோல், மெழுகுத்துண்டு, கூலிக்கணக்குச் சீட்டு ஆகியவற்றைத் தாங்கி அடுத்த பிறவி எடுத்துவிடுகிறது.

கருவியோடு ஊர் ஊராகச் செல்கிறவர்களின் கதைக்கு வருவோம். கிராமத்துத் தச்சர் இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், துறப்பணம் அனைத்தையும் ஒரு கோணிப்பையில் இட்டுத் தோளில் தொங்கவிட்டுச் செல்வார்; ரம்பம் மட்டும் பைக்கு வெளியே வாலை நீட்டிக்கொண்டிருக்கும். உளியின் வாய் இன்னோர் உளியின்மேல் உரசாதிருக்கத் துணி சுற்றுவார். நாவிதரின் அடைப்பம் அதனினும் சிறியது. அதில் கத்தி, கத்தரி, சாணைத்தோல், கண்ணாடி, கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் உரிய ஸ்தானம் உண்டு. ஓலையில் எழுதிய காலத்துக் கணக்கர் எழுத்தாணிக்கு உறையிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது பொற்கொல்லரின் தராசுப் பெட்டி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய அந்தப் பெட்டியை இன்றும் பழம்பொருள் சேகரிப்போரிடத்தில் காணலாம். ஒரே மரத்துண்டை எடுத்து, தராசுக்கோலின் நீளத்துக்கு ஒரு பள்ளமும், இரு தட்டுகளின் வட்டத்துக்கு ஏற்ற குழிகளும், எடைக்கற்களுக்குத் தனித்தனிச் சிறு குழிகளுமாகக் குடைந்து, அதே வடிவத்தில் மூடியும் செய்து, கீலும் கொண்டியும் பொருத்தியிருப்பார்கள். குன்றிமணியும் மஞ்சாடியும் எடையாக இருந்த தொழிலில், தட்டின் விளிம்பு சிறிது நசுங்கினாலும், கோல் இம்மியளவு வளைந்தாலும் தராசு பொய் சொல்லத் தொடங்கிவிடும். பொற்கொல்லனின் நாணயமே அதனால் கெடும். எனவே அந்த மரக்குழிகள் அலங்காரத்துக்காகத் தோண்டப்பட்டவையல்ல. பெட்டியைத் திறந்த மாத்திரத்தில், எந்த எடைக்கல் காணாமற்போயிற்று என்பதை வெற்றுக்குழியே காட்டிக்கொடுத்துவிடும் என்ற சௌகரியமும் அதில் இருந்தது. கருவியின் வடிவத்தையே பெட்டிக்குள் எதிர்வடிவமாகச் செதுக்குவது என்ற யோசனையை நம்முடைய மரவேலைக்காரர்கள் பிளாஸ்டிக் பெட்டிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்து பயன்படுத்தினார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கப்பல் வாணிபம் பெருகிய காலத்தில் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. பெட்டிகள் வேலைக்காரனுக்காகச் செய்யப்படாமலே அவனிடம் வந்து சேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய், மரப்பெட்டி ஒன்றுக்கு இரண்டு டின் வீதம் கீழ்த்திசைத் துறைமுகங்களில் வந்திறங்கிற்று. டின் ஒன்று ஏறக்குறைய 18 லிட்டர் கொள்ளும். எண்ணெய் விளக்கில் எரிந்து போயிற்று. டின்னோ தண்ணீர்க் குடமாயிற்று, அரிசி அளக்கும் பாத்திரமாயிற்று, கூரையில் தகரமாயிற்று, மேற்புறம் வெட்டிக் குறுக்கே ஒரு கட்டை அறைந்தால் கொத்தனாரின் கருவி வாளியாயிற்று. இலேசான மரத்தில் அடித்த கள்ளிப்பெட்டிகளும் தேயிலைப் பெட்டிகளும் அவ்வாறே பட்டறைகளில் குடியேறின. பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட அயல்நாட்டு எழுத்துக்கள் தேய்ந்து மறையுமட்டும் அதற்குள் திருகாணியும் ஆணியும் கிடந்தன. இவற்றுக்கு மாறாக, பிரத்தியேகமாகக் கருவிக்கென்றே செய்த உறையோடு வந்து, அந்த உறையோடே தலைமுறைகளைக் கடந்தது தையல் மெஷின். வளைத்த மரப்பலகையாலான சிங்கர் மூடியைத் துடைத்து, பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்ட மூதாட்டிகளைப் பழைய குடும்பங்களில் நினைவுகூர்வோர் இன்னமும் பலர்.

கையடக்க மின்சாரக் கருவி பிறந்தது 1895-இல். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் கையில் பிடித்துத் துளையிடும் மின்பொறியைச் செய்தது. 1917-இல் அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர், துப்பாக்கிப் பிடியும் விரல்விசையும் கொண்ட டிரில்லுக்குக் காப்புரிமை பெற்றது. இன்றைக்கு எல்லாரும் அறிந்த உருவம் அதுவே. அதன் ஆரம்ப காலப் பெட்டிகள் இரும்புத் தகட்டாலானவை, கனமானவை, ஆனால் சாகாதவை. பிறகு பிளாஸ்டிக் வந்தது. உருகிய பிளாஸ்டிக் குழாயை அச்சுக்குள் இட்டு உள்ளே காற்றை ஊதினால், வெளிச்சுவரும் உட்சுவருமாக இரட்டைச் சுவர் கொண்ட பெட்டி ஒரே வார்ப்பில் உருவாகிவிடுகிறது. வெளிச்சுவர் சமமாக இருக்க, உட்சுவர் கருவியின் வடிவத்தைக் குழியாக ஏந்தி நிற்கும். பொற்கொல்லனின் தராசுப்பெட்டி மறுபடி பிறந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: தராசுப்பெட்டியின் குழியில் தராசு நாள்தோறும் சௌகரியமாக அமர்ந்தது, இந்தக் குழியோ கடையிலிருந்து வந்த அன்று சுற்றிவைத்த மின்கம்பியையும், அன்றிருந்த துணைப்பொருள்களையும் மட்டுமே ஏற்கிறது. அடுத்து வாங்கிய ஒரு துளையிடும் அலகுக்கு அதில் இடமில்லை. கம்பியை முறுக்கித் திணிக்கத் திணிக்க, மூடியின் கொண்டி முதலில் உடைகிறது. பிளாஸ்டிக்கையே மடித்துச் செய்த கீல் அடுத்து வெளிறி விரிசல் காண்கிறது. 1993-இல் ஜெர்மனியில் ஃபெஸ்டோ நிறுவனம் தன் கருவிகளுக்கென்று, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டத்தக்க ஒரே அளவுப் பெட்டிகளை வெளியிட்டதே, இந்தக் குறை உலகெங்கும் உணரப்பட்டதற்குச் சாட்சி.

நம் ஊர்களில் அந்த விலையுயர்ந்த அடுக்குகளுக்குக் காத்திராமலே பரிகாரம் கண்டார்கள். உட்சுவரின் தடுப்புகளைக் கத்தியால் அறுத்தெறிந்து, அடியில் ரப்பர் விரிப்பை இட்டு, டிரில்லும் அலகுகளும் நீட்டிப்புக் கம்பியும் ஒருசேரக் கிடக்கும்படி செய்துகொள்கிற எலெக்ட்ரீஷியன்கள் உண்டு. கருவி எரிந்துபோய் இரும்புக்கடைக்குச் சென்ற பின்னும் பெட்டி பிளம்பரின் ஸ்பானர்களோடு சேவகம் புரிவதுண்டு. பெயின்ட் காலியான 20 லிட்டர் வாளி, பழைய மண்ணெண்ணெய் டின்னின் உத்தியோகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஆரணி வட்டாரத்தின் தனிச்சிறப்பாக எனக்குத் தோன்றுவது பட்டுச்சேலைக் கடைகளின் கட்டைப்பை: கல்யாணச் சேலை சுமந்து வந்த அந்தப் பை, மரப்பிடியும் தடித்த துணியும் உடையதாகையால், பின்னர் கிரைண்டரையும் சுத்தியலையும் சுமந்து சைக்கிள் கைப்பிடியில் தொங்குகிறது. பட்டின் பிரயாணமும் கருவியின் பிரயாணமும் ஒரே பையில் முடிகின்றன.

இந்த மறுபயனில் சில எச்சரிக்கைகளும் அடங்கியுள்ளன. மழையில் நனைந்த கருவியை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அப்படியே அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றித் துருப்பிடிக்கும். திறந்து உலர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்த பிறகே மூட வேண்டும். லித்தியம் பாட்டரிக் கருவியைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையிலோ வண்டிப் பெட்டியிலோ விட்டால் பாட்டரியின் ஆயுள் குன்றும்; அதைக் கழற்றி நிழலில் வைப்பதே நல்லது. கோணிப்பைக்குள் உளிக்குத் துணி சுற்றிய தச்சருக்கு இதெல்லாம் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆயுத பூஜையன்று இந்தப் பெட்டிகள் எல்லாம் அடிவரை காலியாகின்றன. தறி துடைக்கப்படுகிறது, நாடாவுக்கும் உளிக்கும் டிரில்லுக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். மறுநாள் விஜயதசமியில் மீண்டும் எடுத்து வேலை தொடங்குகிறார்கள். ஆனால் கருவிக்கு இடும் பொட்டைப் பெட்டிக்கும் இடுகிற வழக்கம் எங்கும் பரவலாக இல்லை. 1851-இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகம் முதலாகப் பல நிலையங்களிலும் நம் முன்னோரின் இரும்பும் வெண்கலமும் போற்றப்படுகின்றன. உழைப்பாளியின் சாதாரணப் பெட்டிக்கு அவ்வளவு மதிப்புக் கிடைத்ததில்லை. அதனால்தான் சீயமங்கலத்துத் தச்சரின் உளிப்பையைப்பற்றி இன்று நமக்கு ஒன்றும் தெரியாது.

தேசூரிலும் ஆரணியிலும் வீட்டுப் பரணில் பழைய ஜரிகைப் பெட்டியோ, தாத்தாவின் கருவி டின்னோ, மூடி உடைந்த தையல் மெஷின் உறையோ வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அதைப் பழைய சாமான் கடைக்குப் போடுமுன், யாருடையது, எந்தத் தொழிலுக்கு உரியது, உள்ளே என்னென்ன இருந்தது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி அதற்குள் ஒட்டுங்கள். உங்கள் ஊர் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ ஓர் அலமாரி ஒதுக்கித்தரக் கேளுங்கள். அங்கே கருவியையும் அதன் பெட்டியையும் பிரிக்காமல் சேர்த்தே வையுங்கள்.