தாது எழுதிய வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மகாராஜபுரத்தில் நெல்லும் தென்னையும் பூக்கும் காலத்தே காற்றில் பறக்கும் பூந்தாதுவை நாம் பொருட்படுத்துவதில்லை. தமிழில் ‘தாது’ என்னும் சொல் மகரந்தத்தையும் குறிக்கும், கனிமத்தையும் குறிக்கும். பூவின் தாது மண்ணுள் கனிமம் போலவே நிலைத்திருக்கவும் வல்லது என்பது அறிவியல் கண்ட உண்மை.

மகரந்தத் துகளின் வெளிச்சுவர் ‘ஸ்போரோபொலெனின்’ என்ற பொருளால் ஆனது. மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்கூட அதைக் கரைப்பதில்லை. உள்ளிருந்த உயிர்ப்பொருள் அழிந்த பின்னும் சுவர் எஞ்சும்; அதிலுள்ள துளைகளும் முட்களும் வரிகளும் அது எத்தாவரக் குடும்பத்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அச்சுவருக்கும் பகை உண்டு. கோடையில் வறண்டு வெடிக்கும் நம் கண்மாய் மண்ணில் காற்றும் நுண்ணுயிரும் புகுந்து அதைச் சிதைத்துவிடும். காற்றுப் புகாத, நீர் வற்றாத சதுப்பிலேதான் அது ஆயிரமாயிரம் ஆண்டுகள் தங்கும்.

1916இல் ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் வான் போஸ்ட், சதுப்பின் அடுக்குகளில் மகரந்தத்தை எண்ணிப் பழங்காடுகளின் வரலாற்றை வரைந்து காட்டினார். இவ்வெழுத்தைப் படிக்க அரிச்சுவடி வேண்டுமல்லவா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் மகரந்தவியல் ஆய்வகம் ஆயிரக்கணக்கான தாவரங்களின் மகரந்தத்தைத் திரட்டி அதனை அமைத்தது. அப்பணியில் முன்னின்ற கணபதி தணிகைமணி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தார். அவருக்கு வயது 48.

நீலகிரி உச்சிகளின் புல்வெளி, மனிதர் சோலைகளை எரித்ததால் உண்டானதா என்பது நெடுநாள் வழக்கு. வெற்றுநிலம் என்றெண்ணி அங்கே சீகையும் யூகலிப்டசும் நட்டார்கள். சதுப்புகளின் மகரந்தமும், 1993இல் வெளிவந்த கார்பன் ஆய்வும் வேறு கதை கூறின. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் குளிர்ந்து வறண்ட காலத்திலேயே அங்கே புல் ஓங்கியிருந்தது. பின்னர் ஈரம் மிகுந்தபோது சோலை விரிந்தது. புல்வெளி அழிந்த காட்டின் மிச்சமன்று. அது தொன்மையான குடி.

இச்சாட்சியைக் காத்துத் தந்தது சதுப்பே. பயிருக்காகவோ கட்டடத்துக்காகவோ அதன் நீரை வடித்தால் காற்றுப் புகும். அமிலத்துக்கு அழியாத சுவரும் அங்கே அழிந்துபோகும். ஏட்டுச்சுவடியைக் கறையான் தின்றால் பதறும் நாம், இச்சுவடிக்கும் பதறவேண்டாமா?