இராமச்சந்திரன் வரைபடமும் மேற்கோள் கணக்கும்

ஜி. என். இராமச்சந்திரன் (8 அக்டோபர் 1922 – 7 ஏப்ரல் 2001) புரதங்களின் முப்பரிமாண அமைப்பை ஆராய்ந்த இந்திய உயிர் இயற்பியலாளர் ஆவார். எர்ணாகுளத்தில் பிறந்த இவர் சர் சி. வி. இராமனின் மாணவர். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைமையை ஏற்றபோது இவருக்கு வயது முப்பது. இவருடைய கட்டுரைகளில் பெரிதும் அறியப்படுவது 1963-இல் வெளிவந்த ஐந்து பக்கக் கட்டுரை. அது அடைந்த பயன்பாட்டை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்க முயல்வோர் ஏமாந்து போவர்.

கொலாசன் சர்ச்சை

தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றில் மிகுதியாக உள்ள புரதம் கொலாசன். அதன் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று, சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால் எடுத்துச் சொன்னார். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழியாகக் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, மூன்று இழைகள் ஒன்றாக அமைந்த மாதிரியை 1954-இல் 'நேச்சர்' இதழில் இராமச்சந்திரன் வெளியிட்டார். 1955-இல் அதன் திருத்திய வடிவமும் வந்தது.

அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் சற்று மாறுபட்ட மாதிரியை முன்வைத்தனர். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருப்பதாகவும் குறை கூறினர். நுணுக்கங்களில் அவர்கள் சொன்னதே பின்னர் நிலைத்தது. ஆனால் மும்மைச் சுருள் என்ற அடிப்படைக் கருத்து முதலில் சென்னையிலிருந்து வந்தது என்பதைப் பாடநூல்கள் பல சொல்லாமல் விடுவது நியாயமன்று.

ஐந்து பக்கங்கள்

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? குறையாக எழுந்த இக்கேள்வியையே இராமச்சந்திரன் ஆய்வுப்பொருளாக்கினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன், அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்தார்.

புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு ஏறத்தாழத் தட்டையானது, எளிதில் திரும்பாது. அதற்கு இருபுறமும் உள்ள பிணைப்புகளே திரும்பக்கூடியவை. எனவே ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள் போதும். இவற்றை இரு அச்சுகளில் குறித்து, அணுக்கள் மோதிக்கொள்ளும் பகுதிகளை நீக்கினால், பெரும்பரப்பு தடைப்பட்டதாகி, சில தீவுகளே எஞ்சுகின்றன. ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் அத்தீவுகளில்தான் அமைகின்றன. பக்கத்தொடர் இல்லாத கிளைசினுக்கு மட்டும் இடம் தாராளம். மேசைக் கணிப்பான்களைக் கொண்டு செய்த இக்கணக்கு 'ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் பயாலஜி' இதழின் 7-ஆம் தொகுதியில், 95 முதல் 99 வரையிலான பக்கங்களில் வெளியானது.

எண்ணிக்கையில் அடங்காதது

ஒரு கட்டுரையை எத்தனை பேர் சுட்டியுள்ளனர் என்று காட்டும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் பிலடெல்பியாவிலிருந்து வெளியிடத் தொடங்கினார். புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951-இல் எழுதிய கட்டுரை மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. லௌரியே அதைப் பெரிய படைப்பாகக் கருதவில்லை. இராமச்சந்திரன் கட்டுரை அதன் அருகில்கூட வரவில்லை.

காரணம் எளியது. வரைபடம் அவர் பெயராலேயே வழங்கத் தொடங்கியபின், மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் தருவது பலருக்குத் தேவையற்றதாகிவிட்டது. நியூட்டன் விதியைப் பயன்படுத்துவோர் நியூட்டனின் நூலையா குறிப்பிடுகிறார்கள்? பயன்பாட்டில் கரைந்து மூலம் மறையும் இப்போக்கைச் சமூகவியலாளர் இராபர்ட் மெர்ட்டன் தனியாகப் பெயரிட்டே விளக்கியுள்ளார். வரைபடத்தைச் சுட்டுவோரிலும் ஒரு பகுதியினர், இராமச்சந்திரனும் சசிசேகரனும் 1968-இல் எழுதிய நீண்ட மீளாய்வுக் கட்டுரையையே காட்டினர். புரத அமைப்புகளை இவ்வரைபடம் கொண்டு சோதிக்கும் 'புரோசெக்' என்ற கணினி நிரலைப் பற்றிய 1993-ஆம் ஆண்டுக் கட்டுரை, மூலக் கட்டுரையைவிடப் பன்மடங்கு மேற்கோள் பெற்றது. இன்று உலகப் புரதத் தரவு வங்கிக்கு வரும் அமைப்புகளின் சரிபார்ப்பு அறிக்கையில், தடைப்பகுதியில் விழும் அமினோ அமிலங்களின் விழுக்காடு இடம்பெறுகிறது. இப்பயன்பாடு எதுவும் மேற்கோளாக எண்ணப்படுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அச்சு வடிவில் வந்த பழைய மேற்கோள் அட்டவணை, சுட்டப்பட்ட கட்டுரைகளை முதல் ஆசிரியரின் பெயரில் மட்டுமே வரிசைப்படுத்தியது. இராமகிருஷ்ணன் பெயரிலோ சசிசேகரன் பெயரிலோ தேடியவருக்கு 1963-ஆம் ஆண்டுக் கட்டுரை கிடைத்திருக்காது. வரைபடத்தின் பெயரிலும் அவ்விருவரும் இல்லை.