தங்கச் சுரங்கம் தந்த ஆன்டெனா கணக்கு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

எண்பதுகளில் நம் மொட்டை மாடிகளில் மீன் முள் போல நின்ற டிவி ஆன்டெனா நினைவிருக்கிறதா? அதன் பெயர் யாகி-உடா. 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் உருவாக்கியது. கம்பியின் நீளத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி அளந்துதான் அதற்கு வடிவம் கண்டார்கள்.

இன்று கம்பியை வெட்டுவதற்குப் பதில் கணினியில் வரைந்து பார்க்கிறார்கள். ஆன்டெனாவையும் சுற்றியுள்ள வெளியையும் லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக்கி, மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். ஒரு வடிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். மாற்றக்கூடிய அளவுகள் 5, ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்புகள். மொத்தம் 1,00,000 வடிவங்கள். எல்லாவற்றையும் சோதித்து முடிக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

இதற்கான வழி பிறந்தது ஒரு தங்கச் சுரங்கத்தில். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் பூமியைத் துளைத்துப் பாறை மாதிரி எடுப்பது பெருஞ்செலவு. கையில் இருக்கும் சில மாதிரிகளை வைத்தே எங்கே தோண்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். மாதிரியில் தங்கம் அதிகம் என்று காட்டிய இடங்கள், தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அவ்வளவு தருவதில்லை. இதன் புள்ளியியல் காரணத்தை விளக்கியவர் டேனி கிரிக் என்ற சுரங்கப் பொறியாளர். 1951-இல் தம் முதுகலை ஆய்வேட்டில் இதை எழுதினார். ஒரே ஒரு தேர்வில் 98 வாங்கிய பிள்ளை அடுத்த தேர்விலும் அதே 98 வாங்குவது அரிது அல்லவா? அதே கணக்குதான். ஓரிடத்தின் மாதிரியை மட்டும் நம்பாமல், சுற்றுப்புறத்தின் சராசரியையும் சேர்த்து எடைபோட்டார் கிரிக்.

பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் 1960-களில் இதை முழுமையான கணிதமாக்கி, கிரிக் பெயராலேயே 'கிரிகிங்' என்று அழைத்தார். அதன் சிறப்பு, மதிப்பீட்டோடு கூடவே அது எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சொல்லும்.

1989-இல் சாக்ஸ், வெல்ச், மிட்செல், வின் ஆகிய நால்வர் இதைக் கணினிச் சோதனைகளுக்குக் கொண்டுவந்தார்கள். துளைக்குப் பதில் கணினியின் ஒரு மணி நேர ஓட்டம். அவ்வளவுதான் வித்தியாசம்! சில வடிவங்களை மட்டும் முழுமையாகக் கணக்கிட்டு, இடையில் உள்ளவற்றைத் தோராயச் சூத்திரம் நொடியில் சொல்லிவிடும். எங்கே நல்ல விடை கிடைக்கும் போலிருக்கிறதோ, எங்கே ஐயம் அதிகமோ, அங்கே மட்டும் அடுத்த 'துளை'.

1994-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் பேண்ட்லரும் குழுவினரும் மைக்ரோவேவ் சுற்றுகளுக்காக இன்னொரு வழி கண்டார்கள். எளிய சூத்திரம் வேகமானது, ஆனால் சற்றுப் பிசகும். துல்லியக் கணக்கோடு சில இடங்களில் ஒப்பிட்டு அந்தப் பிசகை ஈடுகட்டிவிட்டு, தேடும் வேலையை எளிய சூத்திரத்திடமே விட்டார்கள். பின்னர் ஆன்டெனா வடிவமைப்பிலும் இந்த வழிகள் பரவின.

ஆனால் எல்லை உண்டு. மாற்ற வேண்டிய அளவுகள் கூடக்கூட, தேவைப்படும் மாதிரிகளும் வேகமாகப் பெருகும். தேர்ந்தெடுத்த வடிவத்தைக் கடைசியில் முழுக் கணக்காலும், செய்து அளந்தும் சரிபார்த்தே ஆக வேண்டும். தோராயம் வழிகாட்டும், தீர்ப்பு சொல்வது அளவீடுதான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தச் சோற்றைப் பானையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம், அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னது கிரிக்கின் கணக்கு. இன்று எந்தக் கணினி விடை சொன்னாலும், பிள்ளைகளே, இந்த இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.

இத்துறையில் வேலை பார்க்கும் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும்.